பன்னிரண்டு நிமிட வெயில்

மூன்றாவது கலமும் புளித்தது.
மூடியைத் திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது,
நாக்குக்கு வேலை வைக்கவில்லை.
இருபத்து மூன்று லிட்டர்.
இங்வில் ஒன்றும் சொல்லாமல்
கழிவறைக்குத் தூக்கிப்போனாள்.
ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் ஆஸ்பத்திரியில் கத்தரிகளைக் கழுவுகிறவள்.
ட்ரோம்சோவில் யார் வயிற்றைத் திறந்தாலும்
அந்தக் கத்தி முந்தின நாள்
என் கையைத் தாண்டித்தான் போயிருக்கும்.
நூற்று முப்பத்து நான்கு டிகிரி நீராவி,
பொட்டலத்தின் மேல் நிறம் மாறும் பட்டை,
அடியில் தேதி, என் கையெழுத்து.
வீட்டுக் கலத்திலும் அதே பழக்கம்.
பதினொரு வருஷத்தில் ஒரு புகார் இல்லை.
அப்படிப்பட்டவள் வீட்டில் பீர் புளித்தால்
சந்தேகம் எங்கே போகும்?
அவள் கைக்குப் போனது.

வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவள் தொட்ட கரண்டியை மட்டும்
மருந்துநீரில் இரண்டாம் முறை முக்கினேன்.
அவள் பார்த்தாள்.
அடுத்த வாரம் என் ரப்பர் குழாயை
விளக்கருகே நீட்டிப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் உள்ளே துழாவினாள்.
நான் பார்த்தேன்.
இப்படியே கழிந்தது டிசம்பர்,
பகலும் ராத்திரியும் ஒரே நீலமாய்.

இடையில் மில்லையும் கழுவித் தொலைத்தேன்,
சுடுதண்ணீரில், சோப்புப் போட்டு.
இரண்டு உருளைகளும் விடிவதற்குள்
(விடியல் எங்கே இருந்தது, கடிகாரக் கணக்குத்தான்)
செங்கல் நிறத்தில் பூத்திருந்தன.
துருவைத் தேய்க்க எண்ணெயும்
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் செலவு.
அரைக்கிலோ பார்லியை வீணுக்கு அரைத்துக் கொட்டினோம்,
எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகட்டும் என்று.

ஜனவரிக் கடைசியில் சூரியன் வந்தது.
கடைகளிலெல்லாம் ஜாம் வைத்த சூரிய பன்.
எங்கள் மாடி ஜன்னலுக்குக் கிடைத்தது
பன்னிரண்டு நிமிடம்,
மலை முதுகு சற்றே இறங்குகிற இடத்தில்,
தரையோடு தரையாய்ப் படுத்த வெயில்.
இங்வில் வாயில் பன்னோடு
மில்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
அடுத்த கலம், கழுவி, மருந்து தெளித்து,
வாய் திறந்து, அடுப்பருகே உலர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தோம்.
மில்லின் அடியிலிருந்து எழுந்து
அறை முழுக்க நிதானமாய் நடந்தது
பார்லித் தூசி.
பொன் நிறம். அவசரமே இல்லை.
உமியோடு கூடப் பிறந்த புளிப்புக் கிருமிகள்
ஒவ்வொரு துகளிலும் சவாரி.
திரைச்சீலையில், அவள் தலைமுடியில்,
என் மூக்குக்கண்ணாடியில் இறங்கியது போக
மிச்சம்
என் கையெழுத்து ஒட்டிய கலத்துக்குள்
சொந்த வீடு போலக் குடியேறியது.

கைப்பிடி நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளை.
யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று
முடிவாகுமுன் வெயில் போய்விட்டது.
கலத்தை மறுபடி கழுவினேன்.
இந்த முறை அவளும் கை கொடுத்தாள்,
நான் எதையும் இரண்டாம் முறை முக்கவில்லை.

இப்போது மில் இருப்பது படகுக் கொட்டகையில்.
முந்தின நாளே அரைத்துவிடுகிறோம், விரல் விறைக்க விறைக்க.
அதற்குத் தண்ணீர் காட்டுவதில்லை.
ஸ்கீ மெழுகு தேய்க்கிற குதிரைமுடிப் பிரஷ்,
பள்ளத்தில் மாட்டின உமிக்கு ஒரு மரக்குச்சி,
மூலைமுடுக்குக்கு வாயால் ஓர் ஊதல்.
அரைத்த சட்டையை ஆணியில் விட்டு
தலைமுடியைப் பனிக்காற்றில் உதறிவிட்டு
உள்ளே வருகிறோம்.

நான்காவது கலம் புளிக்கவில்லை.
பிரமாதமும் இல்லை. கொஞ்சம் தண்ணியாய்,
இங்வில் சொன்னது போல, ஈரத்துணி வாசம்.
இரண்டு கோப்பை ஊற்றினாள்.
பழக்கதோஷத்தில் என் கோப்பையை
ஜன்னல் பக்கம் தூக்கினேன்.
வெளியே இருட்டிவிட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.
குடித்தோம்.